நீண்ட சிறைவாசத்துக்குப் பிறகு வீடு திரும்புகிறவர்: குடும்பத்தாருக்கு ஒரு வழிகாட்டி

பெரியப்பா விடுதலையாகி வந்த மறுநாள் காலை, கொல்லைப்பக்கம் போவதற்காக எழுந்தவர் பின்கட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள்கூடப் போடவில்லை, தள்ளினால் திறந்துவிடும். அவர் தள்ளவில்லை. கைகளை முன்னால் கோத்துக்கொண்டு அப்படியே நின்றார். அடுப்படியிலிருந்து பார்த்த நான், ஏதோ யோசிக்கிறார் போல என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மாதான் ஓடிவந்து திறந்துவிட்டாள். "தள்ளிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றாள். "யாராவது திறப்பாங்கன்னு நின்னேன்" என்றார் அவர். 1999-இல் உள்ளே போனவர் 2019-இல் வந்திருந்தார்.

ஆள் வந்துவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வழக்கு, வக்கீல், மனு பார்ப்பது (மனு எழுதிக் கொடுத்து உள்ளே இருப்பவரைச் சந்திப்பது), பரோல் என்று ஒவ்வொன்றையும் சொல்லித்தர யாராவது இருந்தார்கள். வந்த பிறகு என்ன செய்வது என்று சொல்ல ஒருவரும் இல்லை. முதல் மூன்று மாதத்தில் நாங்கள் செய்த தவறுகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. பத்து, பதினைந்து, இருபது வருஷம் கழித்து ஒருவர் உங்கள் வீட்டுக்குத் திரும்பப்போகிறார் என்றால், நாங்கள் பிந்திக் கற்றுக்கொண்டது உங்களுக்கு முந்தியே தெரிந்திருக்கட்டும்.

அவருக்கு என்ன ஆகியிருக்கிறது

உள்ளே இருப்பவர் தானாக எடுக்கக்கூடிய முடிவு என்று ஒரு நாளில் அநேகமாக எதுவும் இருக்காது. எப்போது எழுவது, எப்போது குளிப்பது, என்ன சாப்பிடுவது, விளக்கு எரிய வேண்டுமா வேண்டாமா, எல்லாமே வேறு யாரோ தீர்மானிப்பது. காலையில் எண்ணிக்கை எடுத்துத் திறந்துவிடுவார்கள். சாயங்காலம் இருட்டுமுன்னே மறுபடி எண்ணிக்கை எடுத்துப் பூட்டிவிடுவார்கள். இருபது வருஷம் என்றால் இது ஏழாயிரத்துச் சொச்சம் தடவை. உடம்பு அதை மனப்பாடம் பண்ணிக்கொள்கிறது.

இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் டொனால்ட் கிளெம்மர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். கைதி சிறையின் பேச்சையும் பழக்கத்தையும் நியாயத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தனதாக்கிக்கொள்வதை 1940-இலேயே பதிவு செய்தார். பாஸ்டன் பகுதியில் ஆயுள் தண்டனையிலிருந்து வெளிவந்த 25 பேரிடம் பேசி 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, மனக்காய அறிகுறிகளோடு வேறு சிலவும் சேர்ந்தே வருவதைச் சொன்னது. யாரையும் நம்ப முடியாமை, சின்ன முடிவைக்கூட எடுக்க முடியாமல் திணறுவது, கூட்டத்திலும் திறந்த வெளியிலும் திசை தடுமாறுவது, இந்த உலகத்தில் தனக்கு இடமில்லை என்ற எண்ணம். பாஸ்டனில் சொன்னதெல்லாம் எங்கள் கரிசல் காட்டு வீட்டில் அப்படியே நடந்தது.

நீங்கள் முதலில் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். அவர் செய்வது பைத்தியக்காரத்தனமும் இல்லை, உங்கள் மேல் பாசம் இல்லாததும் இல்லை. உள்ளே அவரை உயிரோடு வைத்திருந்த பழக்கங்கள் அவை. முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது, யாரிடமும் மனசைத் திறக்காமல் இருப்பது, அதிகாரி வந்தால் எழுந்து நிற்பது, சாப்பாட்டை வேகமாக முடிப்பது. இவற்றை ஒரே நாளில் பிடுங்கி எறியப் பார்க்காதீர்கள்.

தனிக்கொட்டடியில் நாள்கணக்காக இருந்தவர் என்றால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், தொடர்ந்து 15 நாளுக்கு மேல் ஒருவரைத் தனிமையில் வைக்கவே கூடாது என்கின்றன. மனசை அது அவ்வளவு சிதைக்கும்.

வருவதற்கு முன்பு

மனு பார்க்கப் போகும்போதே தொடங்குங்கள். கடைசி ஆறு மாதம், ஒவ்வொரு தடவையும் வீட்டில் மாறியிருக்கிற ஒரே ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லுங்கள். வேப்பமரத்தை வெட்டியாயிற்று, கிணறு மூடியாயிற்று, தெருவில் சிமென்ட் ரோடு போட்டிருக்கிறார்கள், இன்னார் இறந்துவிட்டார். நாங்கள் இதைச் செய்யவில்லை. வந்து இறங்கியவர் வேப்பமரம் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசல் எது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அவருக்கென்று ஒரு சின்ன அறையோ, அறை இல்லையென்றால் ஒரு மூலையோ ஒதுக்குங்கள். பெரிதாக இருக்க வேண்டும் என்ற ஆசை வேண்டாம். 27 வருஷம் சிறையிலிருந்த மண்டேலா கடைசிக் காலத்தில் விக்டர் வெர்ஸ்டர் சிறை வளாகத்தில் ஒரு வீட்டில் வைக்கப்பட்டிருந்தார். 1990-இல் விடுதலையான பிறகு சொந்த ஊரான குனுவில் வீடு கட்டியபோது அந்தச் சிறை வீட்டின் அமைப்பையே அப்படியே எடுத்துக்கொண்டார். ராத்திரி எழுந்தால் அடுக்களையைத் தேடி அலைய வேண்டாமே என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரு நாட்டுக்கே தலைவராக வந்தவருக்கே அப்படி என்றால், நம் வீட்டு மனிதர் சுவர் ஓரமாகத் தரையில் பாய் விரித்துப் படுப்பதில் நமக்கு என்ன வருத்தம்? கட்டில் இருக்கட்டும். ஏறிப் படுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

வீட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "தாத்தா துபாயில் இருந்தார்" என்ற கதை ஒரு வாரம்கூடத் தாங்காது. அதோடு இன்னொன்றும் சொல்லிவையுங்கள். 'மாமியார் வீடு', 'களி திங்கிறது', 'கம்பி எண்ணுறது' என்று நாம் போகிறபோக்கில் சொல்லிச் சிரிக்கிற பேச்செல்லாம் அவர் காது கேட்க வேண்டாம். டிவியில் அந்த மாதிரிக் காமெடி வந்தால் சேனலை மாற்றிவிடுங்கள்.

விடுதலை நாளில்

இரண்டு பேர் போனால் போதும். மாலை, வெடி, மேளம், வேன் நிறையச் சொந்தக்காரர்கள் எதுவும் வேண்டாம். 1991-இல் 19 வயதில் கைதான பேரறிவாளன், உச்ச நீதிமன்றம் 2022 மே 18 அன்று விடுவித்தபோது, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்ட செய்தியாளர்களிடம், இப்போதுதான் வெளியே வந்திருக்கிறேன், கொஞ்சம் மூச்சு விட வேண்டும், நேரம் கொடுங்கள் என்கிற மாதிரிதான் பதில் சொன்னார். அந்த மூச்சு விடுகிற நேரத்தை நாங்கள் பெரியப்பாவுக்குக் கொடுக்கவில்லை. நேராகக் குலதெய்வம் கோயில், அங்கிருந்து அத்தை வீடு, அங்கே நாற்பது பேர், கறிச்சோறு. பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார்.

பல வருஷமாக நாலு சுவருக்குள்ளேயே பார்த்துப் பழகிய கண் அது. வேகமாகப் பின்னால் ஓடுகிற மரமும் கம்பமும் தலையைச் சுற்ற வைக்கும். வண்டியில் எலுமிச்சம்பழமும் ஒரு பாலிதீன் பையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கி நிற்க விடுங்கள்.

கிளம்பும்போது கையில் இருக்க வேண்டியவை: விடுதலைச் சான்று, விடுதலை ஆணையின் நகல், சிறை மருத்துவமனைச் சீட்டுகள், அவர் தினமும் சாப்பிடுகிற மாத்திரை என்ன என்ற விவரம், உழைத்துச் சேர்ந்த கூலிப் பணத்தின் கணக்கு, உள்ளே படித்துத் தேர்வு எழுதியிருந்தால் அந்தச் சான்றிதழ்கள். முன்விடுதலை என்றால் ஆணையில் நிபந்தனைகள் எழுதியிருக்கலாம். அதைக் கார் கிளம்பும் முன்பே நீங்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள். எந்த அதிகாரியிடம், எத்தனை நாளைக்கு ஒரு முறை ஆஜராக வேண்டும் என்பதைக் காலண்டரில் குறித்துவையுங்கள். தேதி தவறினால் மறுபடி உள்ளே போக நேரலாம்.

முதல் மாதம்: வெளிச்சம், சாவி, சாப்பாடு

உள்ளே ராத்திரி முழுக்க விளக்கு எரியும். பெரியப்பாவுக்கு இருட்டில் தூக்கம் வரவில்லை. அவருக்குச் சௌகரியமாக இருக்கும் என்று நாங்கள்தான் விளக்கை அணைத்து, கதவையும் சாத்திவிட்டு வந்தோம். விடிய விடிய உட்கார்ந்தே இருந்திருக்கிறார். சின்ன ஜீரோ வாட் பல்பு ஒன்று போட்டுவிட்டோம், கதவைப் பாதி திறந்தே வைத்தோம். அதன் பிறகுதான் மூன்று மணி நேரமாவது தூங்கினார். சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டால் தானாக எழுந்து அறைக்குள் போய்விடுவார். வெளியே இழுக்காதீர்கள். நீங்கள் ஒரு நாற்காலியை அறை வாசலில் போட்டு உட்கார்ந்து பேசுங்கள். மறுவாரம் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், திண்ணை வரைக்கும். நாங்கள் அப்படித்தான் நாலு மாதத்தில் அவரைத் திண்ணைக்குக் கொண்டுவந்தோம்.

பெரியம்மா எப்போதும் இடுப்பில் சாவிக்கொத்து செருகியிருப்பாள். அவள் நடந்தால் சலங் சலங் என்று சத்தம் வரும். எங்களுக்கு அது வீட்டின் சத்தம். அந்தச் சத்தம் கேட்ட நொடியில் பெரியப்பா எழுந்து சுவரோடு ஒட்டி நிற்பார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவார். முதலில் அவள் மேல் உள்ள மரியாதை என்று நினைத்தோம், எனக்கு அது அழகாகக்கூடத் தெரிந்தது. மூன்றாம் வாரம்தான் விளங்கியது. அன்று ராத்திரி பெரியம்மா சாவிகளை வளையத்திலிருந்து கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றி, அலமாரியில் வைத்துவிட்டாள். முப்பது வருஷமாக இடுப்பில் இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் வீட்டில் அந்தச் சத்தம் வேறாக இருக்கலாம். இரும்பு கேட், விசில், பூட்ஸ் சத்தம், லத்தி மாதிரி ஏதாவது தட்டுகிற ஓசை. காக்கிச் சட்டையும் அப்படித்தான். வாசலில் ஆட்டோக்காரர் வந்து நின்றால் பெரியப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். பேரனோடு படிக்கிற பையனைக்கூட 'ஐயா' என்றார். எதைப் பார்த்து, எதைக் கேட்டுத் திடுக்கிடுகிறார் என்று ஒரு மாதம் கவனியுங்கள். மாற்றக்கூடியதை மாற்றுங்கள். முடியாததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "பதினோரு மணிக்கு கேஸ்காரர் வருவார், சிலிண்டரைப் போடுவார், சத்தம் கேட்கும்."

சாப்பாட்டுக்கு வருகிறேன். என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். நாம் பாசத்தில் கேட்பது அவருக்குப் பரீட்சை மாதிரி. எங்கள் அப்பா அவரை ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். சர்வர் மூச்சு விடாமல் பதினைந்து அயிட்டம் சொன்னதும் பெரியப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "எல்லாருக்கும் என்னவோ அதுவே" என்றார். அதன் பிறகு வீட்டில் இரண்டை மட்டும் கண்ணில் காட்டிக் கேட்டோம்: "இட்லியா, தோசையா?" அதற்கே முதலில் பதில் வராது. காத்திருங்கள், நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து அவரே "ரெண்டும் வேண்டாம், பழையது இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு எங்களுக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

தலையணைக்கு அடியில் தாளில் மடித்த சர்க்கரை, ரொட்டித் துண்டு, பீடிக்கட்டு கிடைக்கும். எடுத்து எறியாதீர்கள், எடுத்ததாகக் காட்டிக்கொள்ளவும் செய்யாதீர்கள். மூடி போட்ட ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டால் எறும்பு வராது.

நடை

அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். எட்டு அடி வைப்பது, திரும்புவது, மறுபடி எட்டு அடி. பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும்.

ஜப்பானின் இவாவ் ஹகமடா பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. முன்னாள் குத்துச்சண்டை வீரர். 1966-இல் கைதாகி, 1968-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2014-இல் மறுவிசாரணைக்கு உத்தரவிடப்பட்டபோது வெளியே வந்தார். கிட்டத்தட்ட 48 வருஷம். எந்தக் காலையில் தூக்கில் போடுவார்கள் என்று தெரியாமலே கழித்த வருஷங்கள். வெளியே வந்து அக்கா ஹிதேகோவின் வீட்டில் தங்கியவர், அந்த வீட்டுக்குள் மணிக்கணக்காக நடந்துகொண்டே இருந்தார். பேச்சில் பாதி நிஜ உலகத்தோடு ஒட்டவில்லை. ஹிதேகோ அவரைத் திருத்தவும் இல்லை, நடக்காதே என்று நிறுத்தவும் இல்லை. பிற்பாடு ஹகமடா ஊர்த் தெருக்களில் நடக்கத் தொடங்கினார். 2024 செப்டம்பர் 26 அன்று ஷிசுவோகா நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தபோது அவருக்கு வயது 88. குற்றமற்றவர் என்ற தீர்ப்புகூட அந்த மனசைப் பழையபடி மீட்டுத் தரவில்லை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். நடக்கிறார், நடக்கட்டும். காலையில் அவரோடு ஒருவர் கூட நடந்தோம். முதலில் அறைக்குள், பிறகு கொல்லையில், பிறகு கண்மாய்க்கரை வரைக்கும். பேச வேண்டியதில்லை.

ரோடு, நோட்டு, போன்

இதற்கெல்லாம் பொறுமை இருந்தால் போதும், பெரிய கஷ்டம் இல்லை. ரோட்டைத் தாண்டும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூரத்தில் வரும் பைக் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிப்பது மறந்துபோயிருக்கும். 2016 நவம்பருக்குப் பிறகு வந்த நோட்டுகளைக் காட்டிப் பழக்குங்கள். அப்போது புழக்கத்தில் இருந்த ரோஸ் நிற 2000 ரூபாயைப் பெரியப்பா விளையாட்டு நோட்டு என்றே நினைத்தார். போன் உடனே வேண்டாம், இரண்டாம் மாதத்தில் பட்டன் போன் கொடுங்கள். நாலு நம்பர் போதும்.

ஆதார், ரேஷன் அட்டையில் பெயர், வங்கிக் கணக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, இந்த வரிசையில் முடியுங்கள். தண்டனையில் இருக்கும்போது ஓட்டுரிமை இல்லை. வெளியே வந்ததும் படிவம் 6 கொடுத்து வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். மாவட்ட நன்னடத்தை அலுவலரைப் பார்த்து, விடுதலையானவர்களுக்குத் தொழில் உதவி ஏதாவது உண்டா என்று கேளுங்கள். ஏதாவது ஆவணச் சிக்கல் வந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும், போன் 15100.

அலுவலகங்களில் உங்களுக்கு ஏமாற்றமும் கிடைக்கும். ஓர் அலுவலகத்தில், "இருபது வருஷம் எங்கே இருந்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டார்கள். பெரியப்பா நேராக நிமிர்ந்து கைதி எண்ணைச் சொன்னார். அதிலிருந்து நாங்கள் யாராவது முதலில் தனியே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் அவரைக் கூட்டிப்போனோம்.

உடம்பு

உள்ளே வயசு வேகமாக ஏறும். ஐம்பத்தைந்து வயதுக்காரர் எழுபது மாதிரி வந்து நிற்பார். முதல் இரண்டு வாரத்துக்குள் முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், பல், சளிப் பரிசோதனை. நெரிசலில் இருந்தவர்களுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். வலி என்று அவர் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். பெரியப்பாவுக்குக் கடைவாய்ப் பல் இரண்டு அழுகியிருந்தது, நாங்கள் கண்டுபிடித்தது ஐந்தாம் மாதத்தில்.

குடி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பழைய கூட்டாளிகள் பாட்டிலோடு வருவார்கள். இருபது வருஷம் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் விடுதலையான 30,237 பேரை வைத்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. வெளிவந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்ற மக்களைப்போல 12.7 மடங்கு. அங்கே பெருங்காரணம் போதைமருந்து. நம் ஊரில் அந்த இடத்தில் சாராயம் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் அவரைத் தனியாக விடாதீர்கள் என்பதற்கு எனக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

தாமதமாக வருகிற துக்கம்

எங்கள் ஆச்சி 2007-இல் இறந்தாள். பெரியப்பா அவளுடைய மூத்த மகன். அவசர விடுப்புக்கு எழுதிப் போட்டு, உத்தரவு வந்து, போலீஸ் காவலோடு அவர் வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. அரை நாள் இருந்தார், அழவில்லை. உள்ளே அழுதால் அது பலவீனம், அதனால் அழுகையைத் தள்ளிவைத்துவிடுவார்கள். விடுதலையாகி வந்து ஏழாம் மாதம், ஆச்சியின் பழைய வெற்றிலை உரல் பரணிலிருந்து இறங்கிய அன்று, அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுத அழுகையை இந்தத் தெருவே கேட்டது. "முடிஞ்சு பன்னிரண்டு வருஷம் ஆச்சே" என்று யாரோ சொன்னார்கள். அவருக்கு அன்றைக்குத்தான் அம்மா இறந்திருந்தாள்.

எனவே யார் யார் இறந்தார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒவ்வொருவருக்கும் அவர் செய்யாமல் விட்டது என்ன என்று கேளுங்கள். ஆடி அமாவாசைக்குப் பெரியப்பாவை ராமேஸ்வரம் கூட்டிப்போய்த் திதி கொடுக்க வைத்தோம். கல்லறைக்குப் போக வேண்டியவர்களைக் கல்லறைக்குக் கூட்டிப்போங்கள், பள்ளிவாசலுக்கு என்றால் பள்ளிவாசலுக்கு.

அவர் இழந்தது இறந்தவர்களை மட்டும் இல்லை. அக்காவுக்கு, அதாவது பெரியப்பா மகளுக்கு, அவர் போகும்போது நாலு வயது. வரும்போது அவள் கைக்குழந்தைக்காரி. அவர் மனசில் இருந்தது அந்த நாலு வயதுப் பிள்ளை. சந்தையிலிருந்து அவளுக்குச் சவ்வு மிட்டாய் வாங்கி வந்தார். அவள் அவரை 'வாங்க, போங்க' என்று பேசினாள். 'அப்பா' என்று கூப்பிட ஒரு வருஷம் ஆனது. கட்டாயப்படுத்திக் கூப்பிட வைக்காதீர்கள், இரண்டு பேருக்கும் அது வலி. கணவன் மனைவிக்குள்ளும் அப்படியே. இருபது வருஷம் யாரும் அன்பாகத் தொடாத உடம்பு, தோளில் கை வைத்தாலே விறைத்துப்போகும். அவர்களுக்கு வேண்டிய நேரத்தை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் அதில் தலையிட வேண்டாம்.

ஊரும் எதிர்த்தரப்பும்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் இல்லை. வரப்புத் தகராறில் பெரியப்பா வெட்டியதில் ஒருவர் இறந்தார். அவர் குடும்பம் அடுத்த தெருவில்தான் இருக்கிறது. அவர்கள் வீட்டிலும் இருபது வருஷமாக ஓர் இடம் காலியாகவே இருக்கிறது, அது நிரம்பப்போவதில்லை. விடுதலையைக் கொண்டாடாதீர்கள் என்று முன்பே சொன்னதற்கு அவர்களும் ஒரு காரணம். அவர்கள் வீட்டு வழியாக அழைத்துப்போகாதீர்கள், திருவிழாவில் முதல் வருஷம் முன்னால் நிற்க வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னால், நேராகப் போய் நிற்க விடாதீர்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு பெரியவர் மூலம், அவர்களுக்குக் கேட்க விருப்பமா என்று முதலில் கேளுங்கள். எங்களுக்கு 'வேண்டாம்' என்று பதில் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டோம்.

செப்டம்பர் மாதம்

ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம், முடிந்தால் தானாக விட்டுவிடுவார்கள் என்று ஊரில் இன்னும் நம்புகிறார்கள். ஆயுள் என்றால் ஆயுள் முழுக்கத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1961-இலேயே சொல்லிவிட்டது. அரசு மனசு வைத்து முன்விடுதலை தந்தால்தான் உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் அண்ணா பிறந்தநாளை ஒட்டி வரும். 2008-இல் அண்ணா நூற்றாண்டில் 1,405 பேரை விட்டார்கள். பெரியப்பா தன் பெயரும் வரும் என்று துணிமணிகளை மூட்டை கட்டி, டம்ளரைப் பக்கத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். பெயர் வரவில்லை. அதன் பிறகும் இரண்டு தடவை அப்படி நடந்தது.

அதன் தழும்பு என்ன தெரியுமா? நல்ல செய்தி எதையும் அவர் நம்பமாட்டார். வீட்டில் யாருக்காவது வேலை கிடைத்தது என்றால் "ஆர்டர் கைக்கு வரட்டும்" என்பார். செப்டம்பர் பிறந்தால் தூக்கம் போய்விடும், சிடுசிடுப்பார். இது உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்த மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். வாக்குக் கொடுத்தால் சின்னதாகக் கொடுத்து, சொன்ன நேரத்துக்குச் செய்யுங்கள். "சாயங்காலம் வருகிறேன்" என்பதற்குப் பதில் "அஞ்சரைக்கு வருகிறேன்" என்று சொல்லி அஞ்சரைக்கே வந்து நில்லுங்கள். நம்பிக்கை அவருக்கு அந்த வழியாகத்தான் திரும்பியது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

இரண்டு மூன்று நாளாகச் சாப்பிடாமல் இருந்தால், ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்தால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், திடீரென்று தன் பொருள்களை எல்லாருக்கும் கொடுக்கத் தொடங்கினால், "நான் இருந்து என்ன" என்று பேசினால், அல்லது "அங்கேயே இருந்திருக்கலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் காத்திருக்காதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்களும் இருக்கிறார்கள். டெலி மானஸ் எண் 14416, ராத்திரியிலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். "மந்திரிச்சா சரியாயிடும்" என்று சொல்கிறவர்களோடு சண்டை போட வேண்டாம். அதையும் செய்துகொள்ளுங்கள், டாக்டரிடமும் போங்கள். பெரியப்பா இரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டார், பலன் இருந்தது.

வேலை

ஓய்வெடுக்கட்டும் என்று சும்மா உட்கார வைத்தது எங்கள் பெரிய தவறு. மணியடித்து நாள் ஓட்டியவருக்கு மணியே இல்லாத நாள் பள்ளம் மாதிரி. உள்ளே கற்ற தொழில் எது என்று கேளுங்கள். தையல், நெசவு, பேக்கரி, சோப்பு, தோட்டம் என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கும். பெரியப்பாவுக்கு நெசவு தெரியும், எங்கள் ஊரில் தறி இல்லை. ஒரு கறவை மாடு வாங்கினோம். காலை அஞ்சு மணிக்குப் பால், பத்துக்கு மேய்ச்சல், நாலுக்குத் தண்ணி, மறுபடி பால். மாட்டுக்கும் எண்ணிக்கை மாதிரி ஒரு ஒழுங்கு உண்டு. அது அவரிடம் எதையும் கேட்கவில்லை, அவரும் அதனிடம் எதையும் மறைக்கவில்லை. முதல் தடவை அவர் சத்தமாகப் பேசிக் கேட்டது அந்த மாட்டிடம்தான்.

பெரியம்மா

வந்தவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் பெரியம்மாவை நாங்கள் மறந்துபோனோம். இருபது வருஷம் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவள் மூன்று மணிக்கு எழுந்து, பொங்கிக் கட்டி, முதல் பஸ்ஸைப் பிடித்து, வரிசையில் நின்று, மனு எழுதிக் கொடுத்து, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்திப் பேசிவிட்டுத் திரும்புவாள். அவர் வந்த பிறகும் அந்தச் சனிக்கிழமைகளில் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டாள். எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, யாருக்குக் கட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். உங்கள் வீட்டில் காத்திருந்தவர் யாரோ, அவரிடமும் தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், அவரையும் டாக்டரிடம் காட்டுங்கள். நாங்கள் அந்த இரண்டு சனிக்கிழமைகளையும் அவளுக்கே விட்டுவிட்டோம். அவள் அதே முதல் பஸ்ஸில்தான் போகிறாள், திருச்செந்தூருக்கு. மாட்டை அன்றைக்கு அப்பா பார்த்துக்கொள்கிறார். பெரியப்பா கூடப் போகிறார், புளிச்சோற்றுத் தூக்குவாளி அவர் கையில்.